பழைய ரயரும் புதிய வீதியும்: தாரில் இறப்பரைக் கலந்தால் வடக்கின் வீதிகள் நிலைக்குமா?

2025 நவம்பர் இறுதியில் தித்வா சூறாவளி இலங்கையைக் கடந்துபோன பின்னர் வீதிகளைப் பற்றிய பேச்சு மறுபடியும் முன்னுக்கு வந்திருக்கின்றது. மலையகத்தில் மண்சரிவு வீதிகளை விழுங்கியது. வடக்கிலும் கிழக்கிலும் வெள்ளம் வீதியோரங்களையும் பாலங்களையும் அரித்துச் சென்றது. மீளக் கட்டுவதற்குக் கடனும் உதவியும் தேடப்படுகின்ற இத்தகைய காலங்களில் ‘பசுமை வீதி’, ‘கழிவிலிருந்து வீதி’ என்ற சொற்கள் திட்ட அறிக்கைகளில் இடம்பிடிப்பது வழக்கம். பாவித்துக் கழித்த ரயரைத் தூளாக்கித் தாருடன் கலந்து வீதி போடுவது அவற்றுள் ஒன்று. சொல்லும்போதே கவர்ச்சியாக இருக்கின்ற யோசனை. ஒரே கல்லில் இரண்டு மாங்காய்: குப்பையும் ஒழியும், வீதியும் உறுதியாகும்.

இந்த முறைக்கு அறுபது ஆண்டு வரலாறு உண்டு. நன்றாகப் பலன் தந்த இடங்களும் இருக்கின்றன, சட்டம் போட்டும் கைவிட்ட இடங்களும் இருக்கின்றன. இரண்டு வகை இடங்களிலும் கலக்கப்பட்டது ஏறத்தாழ ஒரே இறப்பர்தான். எனவே எமது வீதிகளுக்கு இது உதவுமா என்று கேட்கும்போது இறப்பரைவிட மற்ற விடயங்களைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கின்றது.

முதலில் ரயரைப் பார்ப்போம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்கும் திறந்துவிடப்பட்டது. இன்று இறங்குகின்ற ஒவ்வொரு வாகனமும் இன்னும் சில ஆண்டுகளில் நான்கு பழைய ரயரை எங்காவது விட்டுச் செல்லும். எமது ஊர்களில் பழைய ரயர் வீணாகப் போவது குறைவு என்று நினைப்பவர்கள் உண்டு. அது ஓரளவு உண்மை. பாரவூர்தி ரயர்கள் ‘ரீபில்ட்’ செய்யப்பட்டு இன்னொரு முறை ஓடும். இறங்குதுறையில் படகு மோதாமல் இருக்கக் கட்டப்படும். தகரக் கூரை காற்றில் பறக்காமல் இருக்க மேலே தூக்கி வைக்கப்படும். சீமெந்தும் பற்றரியும் மண்ணெண்ணெயும் தடைப் பட்டியலில் இருந்த காலத்தில் எதையும் எறியாமல் வாழப் பழகிய சமூகம் இது. ஆனாலும் ஒரு கட்டத்துக்கு மேல் பயன் தீர்ந்துவிடுகின்றது. ரயர் கடைகளின் பின்புறத்திலும் வெறுங்காணிகளிலும் குவிகின்றது. மாரி மழையில் ஒவ்வொரு ரயருக்குள்ளும் தண்ணீர் தேங்கி நுளம்புக்குத் தொட்டிலாகின்றது. 2017 இல் இலங்கையில் 186,000 இற்கும் மேற்பட்டோர் டெங்குத் தொற்றுக்கு ஆளாகி 400 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறந்துவிட முடியாது. தென்பகுதியில் சேர்கின்ற ரயரில் ஒரு பகுதி புத்தளம் சீமெந்து ஆலையின் சூளையில் எரிபொருளாகின்றது. மற்றவை குப்பைமேட்டிலோ தீயிலோ முடிகின்றன.

ரயர் எரிகின்ற மணம் எம்மில் பலருக்கு வேறு நினைவுகளைக் கிளப்பும். 1983 ஜூலையில் கொழும்பிலும், 1986 இல் யாழ்ப்பாணத்துச் சந்திகளிலும், 1980களின் இறுதியில் தெற்கின் வீதியோரங்களிலும் எரிந்த ரயர்களைப் பற்றி இங்கே நீட்டி எழுத விரும்பவில்லை. ரயர் எங்கே போய்ச் சேர்கின்றது என்ற கேள்வி எமக்கு வெறும் குப்பை முகாமைத்துவக் கேள்வி மட்டுமல்ல என்பதற்காகச் சொல்லி வைக்கின்றேன்.

தாரில் ரயர்த் தூளைக் கலக்கும் முறையோடு சேர்த்துப் பேசப்படுகின்ற பெயர் சார்ள்ஸ் மக்டொனால்ட். 1960களில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலம், பீனிக்ஸ் நகரசபையில் பொறியியலாளராக இருந்தவர். அதற்கு முன்னர் வாகனத்தின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டியில் ஊர் ஊராகப் போய் வேலை செய்த காலத்தில், வண்டியின் கூரை வெடித்து ஒழுகியதாகவும் அதைத் தாரால் அடைத்தபோது அத்தாரும் வெயிலில் வெடித்ததாகவும், அப்போதுதான் இறப்பரைக் கலந்து பார்க்கும் எண்ணம் பிறந்ததாகவும் சொல்லப்படுகின்றது. கூரை ஒழுக்கில் பிறந்த யோசனை பின்னர் பீனிக்ஸ் வீதிகளின் வெடிப்புகளை ஒட்டுவதற்குப் பயன்பட்டு, அங்கிருந்து முழு வீதிக்கும் பரவியது. பாலைவன வெயிலில் கொதிக்கின்ற ஊர் அது. வெப்பத்துக்குத் தார் இளகாமல் இருப்பதும், ஆண்டுக் கணக்கில் வெடிக்காமல் இருப்பதும் அங்கே முக்கியம்.

இது வேலை செய்யும் விதம் இலகுவானது. ரயரில் இருக்கும் இறப்பர் கந்தகம் சேர்த்து இறுக்கப்பட்டது. எவ்வளவு சூடாக்கினாலும் மெழுகு போல் உருகாது. ஆனால் 175 முதல் 200 பாகை செல்சியஸ் வரை சூடான தாருக்குள் தூளாக இட்டு முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ கலக்கும்போது, தாரில் உள்ள இலேசான எண்ணெய்களை உறிஞ்சி, ஊறவைத்த கடலை போல ஊதிப் பெருக்கும். அதனால் தார் தடிப்பாகின்றது, இழுபடும் தன்மை பெறுகின்றது. சல்லிக் கல்லைச் சுற்றித் தடித்த தோல் போல ஒட்டிக்கொள்கின்றது. கலக்கும் இறப்பரின் அளவு இந்தத் தார்க் கலவையின் நிறையில் பொதுவாக 15 முதல் 20 வீதம், சில வேளைகளில் அதற்குச் சற்று மேல். இதை ஈர முறை என்கின்றனர். தூளைத் தாரில் ஊறவிடாமல் சல்லியோடு சேர்த்துக் கொட்டுகின்ற உலர் முறையும் உண்டு. செலவு குறைவு. ஆனால் பெறுபேறு ஒரே சீராக இருப்பதில்லை.

ஈர முறையின் சிக்கல் நேரத்தில் இருக்கின்றது. கலவையைக் கிளறாமல் விட்டால் இறப்பர் அடியில் படியும். அதிக நேரம் சூட்டில் வைத்திருந்தால் இறப்பர் சிதைந்து, ஊதியதால் கிடைத்த பலன் போய்விடும். எனவே தார்க் கலவை ஆலைக்குப் பக்கத்திலேயே கலக்கும் இயந்திரமும், தடிப்பை அடிக்கடி அளக்கத் தெரிந்த ஆட்களும் வேண்டும். முந்நூறு மீற்றர் இங்கே, அரைக் கிலோமீற்றர் அங்கே என்று துண்டு துண்டாகக் கொடுக்கப்படும் ஒப்பந்தங்களுக்கு இவ்வளவு ஏற்பாடு கட்டுப்படியாகாது.

அமெரிக்கா இந்தப் பாடத்தைப் பணம் கொடுத்துக் கற்றது. 1991 இல் அந்நாட்டுக் காங்கிரஸ் நிறைவேற்றிய போக்குவரத்துச் சட்டம், கூட்டாட்சி அரசின் நிதியில் போடப்படும் தார் வீதிகளில் ரயர் இறப்பரைக் கட்டாயமாக்கியது. 1994 இல் 5 வீதம், பின்னர் ஒவ்வோர் ஆண்டும் 5 வீதம் கூடி, 1997 இல் 20 வீத வீதிவேலையில் இறப்பர் இருக்க வேண்டும் என்பது இலக்கு. மாநிலங்கள் கொதித்தெழுந்தன. செலவு கூடுகின்றது, அனுபவமுள்ள ஒப்பந்தகாரர் இல்லை, தொழிலாளருக்கு என்ன நடக்கும் என்று தெரியவில்லை, எமது காலநிலைக்குப் பரிசோதிக்கப்படவில்லை என்றன. இலக்கின் உச்சத்தை அடையும் முன்னரே, 1995 இல், அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. ரயர் குவியலை ஒழிக்க வேண்டும் என்ற அவசரத்தில் வீதியைக் குப்பைத்தொட்டியாகப் பார்த்த சட்டம் அது என்பது எனது கணிப்பு.

சட்டம் போனாலும் அரிசோனா, கலிபோர்னியா, புளோரிடா, டெக்சாஸ் ஆகிய மாநிலங்களில் இறப்பர்த் தார் தொடர்ந்தது. கலிபோர்னியாவுக்கு அதற்கான நெருக்குதல் இருந்தது. 1999 செப்டெம்பரில் வெஸ்ட்லி என்ற இடத்தில் பல மில்லியன் ரயர்கள் குவிந்திருந்த பள்ளத்தில் மின்னல் விழுந்து தீப்பிடித்து, ஏறக்குறைய ஒரு மாதம் எரிந்தது. ரயரிலிருந்து உருகி வழிந்த எண்ணெயும் எரிந்தது. அந்த மாநிலத்தில் புதிய ரயர் ஒன்று வாங்கும்போது 1.75 டொலர் கட்டணம் அறவிடப்படுகின்றது. பழைய ரயரைச் சேகரிப்பதற்கும், இறப்பர்த் தார் போடும் உள்ளூராட்சி அமைப்புகளுக்கு உதவுவதற்கும் அந்த நிதி போகின்றது. 2005 இல் கொண்டுவரப்பட்ட சட்டம் மாநில வீதித் திணைக்களம் பயன்படுத்த வேண்டிய இறப்பரின் அளவைப் படிப்படியாக நிர்ணயித்தது. அதாவது, வீதியில் இறப்பர் போவதற்கு முன்னர் ரயருக்கு யார் பணம் கொடுப்பது என்பது தீர்க்கப்பட்டிருந்தது.

இந்தியாவில் இறப்பர்த் தூள் கலந்த தாருக்கு 2004 இலேயே ஐ.எஸ். 15462 என்ற தரநிர்ணயம் வெளியானது. கேரளத்தில் ரயர் இறப்பர் அல்லாமல் இயற்கை இறப்பரையே தாரில் சேர்க்கும் முயற்சிகளும் உண்டு. இறப்பர் விளைகின்ற, உலகச் சந்தைக்குத் திண்ம ரயர்களை ஏற்றுமதி செய்கின்ற இலங்கைக்கு இந்தத் துறை அந்நியமானதல்ல. அறிவு இருக்கின்றது. பொறியியலாளர்களும் இருக்கின்றார்கள்.

இனிக் கொஞ்சம் கணக்கு. வடக்கில் ஒரு கிராமத்து வீதியை எடுத்துக்கொள்வோம். 1 கிலோமீற்றர் நீளம், 4 மீற்றர் அகலம், 5 சென்ரிமீற்றர் தடிப்பில் காப்பெற். ஏறக்குறைய 470 தொன் கலவை வேண்டும். சாதாரண காப்பெற்றில் அதில் 5 வீதம் தார், அதாவது 23 அல்லது 24 தொன். கலிபோர்னியா, அரிசோனா முறையில் இறப்பர்த் தாரின் பங்கு கூடும், 7.5 வீதம் அளவில் வரும். அது 35 தொன். அதில் 18 வீதம் இறப்பர் என்றால் 6 தொன்னுக்குச் சற்று மேல். ஒரு கார் ரயரிலிருந்து 5 முதல் 6 கிலோ தூள் கிடைக்கும். ஆகவே ஒரு கிலோமீற்றருக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட ரயர்கள் போய்விடும். ரயர் குவியலைப் பொறுத்தவரை நல்ல செய்திதான்.

தாரைப் பாருங்கள். 35 தொன்னில் இறப்பரைக் கழித்தால் 29 தொன் தார் மிஞ்சுகின்றது. முன்னர் 24 தொன் போதுமாக இருந்தது. இறப்பர் சேர்த்ததால் இறக்குமதித் தார் மிச்சமாகும் என்று எவரேனும் மேடையில் சொன்னால், அதே தடிப்பில் போட்டால் மிச்சமாகாது, கூடும் என்பதே பதில். மிச்சம் வருவது தடிப்பைக் குறைக்கும்போது. பழைய வீதியின் மேல் புதுப் படையாகப் போடுகையில், சில நிலைமைகளில் சாதாரண காப்பெற்றின் பாதித் தடிப்புக்கு இறப்பர்க் காப்பெற் ஈடுகொடுக்கும் என்று கலிபோர்னியாவின் வீதித் திணைக்களம் ஏற்றுக்கொண்டிருக்கின்றது. அப்படியானால் 15 தொன் தாரோடு வேலை முடியும். ஆனால் அதற்கு ஒரு நிபந்தனை இருக்கின்றது. கீழே இருக்கின்ற வீதி உறுதியாக இருக்க வேண்டும்.

எமது பிரச்சினை அங்கேதான் தொடங்குகின்றது. வடக்கின் வீதிகள் பெரும்பாலும் மேலிருந்து பழுதாவதில்லை, கீழிருந்தும் ஓரத்திலிருந்தும் பழுதாகின்றன. நிலம் தட்டையானது. மாரியில் தண்ணீர் ஓட இடமில்லாமல் வீதியின் இரு பக்கமும் நாட்கணக்கில் நிற்கும். கிறவல் படை ஊறி இளகும். அதன் மேல் மணலும் கருங்கல்லும் ஏற்றிய ரிப்பர் இரவு முழுவதும் ஓடும். வீதி ஓரம் நிரப்பப்படாமல் காப்பெற்றின் விளிம்பு அந்தரத்தில் நிற்கும். போதாததற்குக் குடிநீர்க் குழாய்க்கென்று புதிய காப்பெற்றையே வெட்டி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுப் போவார்கள். வெள்ளம் போக வேண்டிய வழியை வீதியே அணையாக மறித்து, மதகு சிறுத்து, கடைசியில் தண்ணீர் வீதியையும் உடைத்துக்கொண்டு போன இடங்களை ஒவ்வொரு மாரியும் எமக்குக் காட்டுகின்றது. இவற்றில் எதற்கும் இறப்பர் மருந்தாகாது. நல்ல அடித்தளத்தின் மேல் வெயிலாலும் வாகனப் பாரத்தாலும் வருகின்ற வெடிப்புக்கும் பள்ளத்துக்குமே அது மருந்து. ஏ9 போன்ற பெருவீதிகளில் காப்பெற்றைப் புதுப்பிக்கும் காலம் வரும்போது அது பொருந்தலாம். குளக்கட்டுக்குக் கீழே போகும் கிராமத்து வீதிக்கு முதலில் மதகும் வாய்க்காலும் வேண்டும்.

வீதி எமக்கு ஒருபோதும் வெறும் வீதியாக இருந்ததில்லை என்பதையும் சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும். 2002 ஏப்ரலில் ஏ9 திறந்தபோது ஊர்கள் உயிர் பெற்றன. 2006 ஓகஸ்ட்டில் மூடியபோது யாழ்ப்பாணம் பட்டினி கிடந்தது. போர் முடிந்த பின்னர் ‘வடக்கின் வசந்தம்’ என்ற பெயரில் போடப்பட்ட காப்பெற் வீதிகள், காணியையும் காணாமல் ஆக்கப்பட்டோரையும் பற்றிய கேள்விகளுக்குப் பதிலாக வெளிநாட்டுத் தூதுக்குழுக்களுக்குக் காட்டப்பட்டன. அந்த வீதிகள் எமக்குத் தேவையாகவும் இருந்தன, பயனும் தந்தன. ஆனால் எங்கே, என்ன தரத்தில், எவரது கடனில் போடுவது என்று எம்மிடம் எவரும் கேட்கவில்லை. போருக்குப் பிந்திய வீட்டுத் திட்டங்களில் 65,000 இரும்பு வீடுகளைக் கொண்டுவர முயன்றபோதும் அதே கதைதான். எமது வெயிலுக்கும் எமது மேசன்மாரின் கைக்கும் அது பொருந்துமா என்ற கேள்வியை உள்ளூர்ப் பொறியியலாளர்களும் சிவில் சமூகத்தினரும்தான் எழுப்ப வேண்டியிருந்தது.

ஏ, பீ வகுப்பு வீதிகள் மத்திய அரசின் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடம் இருக்கின்றன. சீ, டீ வகுப்பு வீதிகள் மாகாணத்திடம். மற்றவை பிரதேச, நகர, மாநகர சபைகளிடம். வட மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்ரோபரில் முடிந்தது. அதன் பின்னர் தேர்தல் இல்லை. நடுவில் இருக்கின்ற படியில் கேள்வி கேட்க மக்கள் பிரதிநிதி இல்லை என்பதே இதன் பொருள். உள்ளூராட்சி சபைகளுக்கு 2025 மே மாதத்தில் தேர்தல் நடந்து உறுப்பினர்கள் வந்திருக்கின்றார்கள். குப்பை அவர்களுடைய பொறுப்பு, டெங்குச் சிரமதானம் அவர்களுடைய பொறுப்பு, ஊர் வீதிகளும் அவர்களுடைய பொறுப்பு. ரயர் விடயத்தில் இந்த மூன்றும் ஒரே மேசைக்கு வருகின்றன.

அந்த மேசைக்கு வர வேண்டிய இன்னொரு விடயம் தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல் மேல் இருக்கின்றது. நிலத்தில் கொட்டியது கிணற்றில் வரும். சுன்னாகத்தில் கழிவு எண்ணெய் நிலத்தடி நீரில் கலந்த விவகாரத்தில், அங்கு மின்னுற்பத்தி செய்த நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என உயர் நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு வந்ததே தவிர, கிணறு பழைய கிணறாகிவிடாது. ரயர் மீள்சுழற்சி என்ற பெயரில் இரண்டு வேறுபட்ட தொழில்கள் வரக்கூடும். ஒன்று ரயரை அரைத்து, கம்பியையும் நூலையும் பிரித்துத் தூளாக்குவது. தூசியும் இரைச்சலும் உண்டு, ஆனால் கட்டுப்படுத்தலாம். மற்றது காற்றில்லாமல் சூடாக்கி எண்ணெய் வடிப்பது. வீதிக்குத் தேவை முதலாவது. எளிதாகப் பணம் தருவது இரண்டாவது. அப்படி எண்ணெய் வடிப்பதற்கெனப் பழைய ரயரை இறக்குமதி செய்வதை இந்தியா 2022 இல் தடைசெய்தது. பிரித்தானியாவிலிருந்து கொழும்புத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்து, 2020 முதல் 2022 வரை திருப்பியனுப்பப்பட்ட கழிவுக் கொள்கலன்களை நினைவில் வைத்திருப்போருக்கு, ‘மீள்சுழற்சிக்கான மூலப்பொருள்’ என்ற சொல் எதை மறைக்கலாம் என்று தெரியும்.

ரயர் இறப்பரில் இருக்கும் ஒரு பாதுகாப்பு இரசாயனம் காற்றோடு சேர்ந்து மாறும்போது சால்மன் இன மீன்களைக் கொல்கின்றது என்பதை 2020 இல் அமெரிக்காவின் வொஷிங்டன் மாநில ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். அது முக்கியமாக ஓடும் ரயர்கள் தேய்வதால் வருவது. தாருக்குள் பிணைந்த இறப்பரிலிருந்து கழிவது அதைவிடக் குறைவாகவே இருக்கும் என எதிர்பார்க்கலாம். ஆனாலும் தூள் மூட்டைகளைக் களப்புக் கரையிலோ கிணற்றடியிலோ மழையில் நனையக் குவித்து வைக்க எவருக்கும் இடம் கொடுக்கக் கூடாது. தார் ஊற்றுகின்ற தொழிலாளரையும் மறக்கக் கூடாது. இறப்பர்த் தார் கூடிய சூட்டில் போடப்படுவது. 1990களில் அமெரிக்க அரசின் தொழில்சார் சுகாதார ஆய்வாளர்கள் பல வீதித் தளங்களை ஒப்பிட்டபோது, இறப்பர் கலந்த நாட்களில் கண், மூக்கு, தொண்டை எரிவு கூடுதலாகப் பதிவானது. எங்கள் வீதிகளில் செருப்போடும் சாரத்தோடும், முகத்தில் ஒரு துவாயைக் கட்டிக்கொண்டு தார் வாளி தூக்குகின்றவர்களுக்கு அது எப்படி இருக்கும்?

கூரைக்கு வருவோம். இறப்பர் அல்லது வேறு பொருட்கள் சேர்த்துப் பதப்படுத்திய தார் விரிப்புகள் தட்டைக் கொங்கிறீற் கூரையில் ஒழுக்கை அடைக்க உலகெங்கும் பாவிக்கப்படுகின்றன. பாடசாலை, வைத்தியசாலை, சனசமூக நிலையக் கட்டடங்களின் பிளேற் ஒழுகுகின்ற இடத்தில் அது நல்ல தெரிவு. மீள்குடியேறிய குடும்பங்களின் வீடுகளுக்கு நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். கறுப்புக் கூரை வெயிலை உறிஞ்சும். முகாமிலும் பின்னர் தகரக் கொட்டிலிலும் ஆண்டுக் கணக்கில் வெந்தவர்களுக்கு இன்னொரு சூட்டுப்பெட்டி தேவையில்லை. தீவகத்திலும் கரையோரத்திலும் கூரை மழைநீரைச் சேர்த்துக் குடிக்கின்ற வீடுகளுக்குத் தார் பூசிய கூரை ஏற்றதல்ல. ஓடு இருக்கின்றது, ஓடே இருக்கட்டும்.

மாநகர சபையோ பிரதேச சபையோ இதில் இறங்குவதாக இருந்தால் ஒரே வீதியில், ஒரே ஒப்பந்தகாரரைக் கொண்டு, ஒரே அடித்தளத்தின் மேல் ஒரு கிலோமீற்றர் இறப்பர்க் காப்பெற்றும் அடுத்த கிலோமீற்றர் சாதாரண காப்பெற்றும் போட வேண்டும். இரண்டுக்கும் மதகும் வாய்க்காலும் சரியாக இருக்க வேண்டும். கேள்விமனுவும் தூளின் அளவும் கலந்த வெப்பநிலையும் செலவும் சபையின் அறிவிப்புப் பலகையில் தமிழில் ஒட்டப்பட வேண்டும். தூள் எங்கிருந்து வந்தது, எங்கள் ஊர் ரயரா, கொள்கலனில் வந்த ரயரா என்பதும் அதில் இருக்க வேண்டும். மூன்று மாரி போன பின்னர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கிளிநொச்சிப் பொறியியல் பீட மாணவர்களைக் கொண்டு இரண்டு துண்டுகளிலும் வெடிப்பையும் பள்ளத்தையும் அளந்து, அந்த அளவையும் அதே பலகையில் ஒட்டலாம்.